கெர்பல் ஸ்பேஸ் ப்ரோக்ராம் புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு: முதல் ஆர்பிட், லேக், மாட்ஸ்

ராக்கெட் கட்டி நாமே ஓட்டி ஆர்பிட்டுக்கு போகணும்னு ஆசை இருந்தா இன்னைக்கும் ஆரம்பிக்க வேண்டிய கேம் கெர்பல் ஸ்பேஸ் ப்ரோக்ராம்தான், சுருக்கமா கேஎஸ்பி. மெக்சிகோ சிட்டியில இருந்த ஸ்குவாட்ங்கிற கம்பெனியில ஃபெலிப்பே ஃபலாங்கே ஆரம்பிச்ச ப்ராஜெக்ட் இது, 2011 ஜூன்ல முதல் வெர்ஷன் வெளிய வந்துச்சு, 2015 ஏப்ரல்ல 1.0 வந்துச்சு, கடைசி வெர்ஷன் 1.12.5. வாங்கும்போது பேரைப் பார்த்து வாங்குங்க, முதல் பாகம்தான் வேணும். ரெண்டாம் பாகம் 2023 பிப்ரவரியில ஏர்லி ஆக்சஸ்ல வந்து, 2024ல அந்த டீமே கலைஞ்சுபோய் பாதியில நிக்குது. மேக்கிங் ஹிஸ்டரி, பிரேக்கிங் கிரவுண்ட்னு தனியா காசு கொடுத்து வாங்குற கூடுதல் பகுதிகள், அதாவது டிஎல்சி, ரெண்டு இருக்கு, இப்போதைக்கு ரெண்டும் தேவையில்ல.

புதுசா வர்றவங்க நிறைய பேர் செய்யுறது என்னன்னா, கேமை இன்ஸ்டால் பண்ணின அன்னைக்கே அழகான மேகம், கடல், புகைன்னு வீடியோல பார்த்த மாட்ஸ் (ரசிகர்கள் செஞ்சு கேமோட சேர்க்கிற கூடுதல் ஃபைல்கள்) எல்லாத்தையும் போட்டுடறாங்க, அப்புறம் பெரிய ராக்கெட்டா கட்டுறாங்க, அது லாஞ்ச் பேட்லயே ஆடி விழுது, கம்ப்யூட்டரும் திணறுது, ரெண்டு நாள்ல கேமை மூடிடறாங்க. வரிசையை மாத்தினாலே போதும். முதல்ல மாட்ஸ் எதுவும் இல்லாம சின்ன ராக்கெட்டுல ஆர்பிட், அடுத்து லேக்கை, அதாவது கேம் திணறுறதை, சரி பண்றது, கடைசியா மாட்ஸ். பார்ட் குறைஞ்சா ராக்கெட்டும் நல்லா பறக்கும் கேமும் நல்லா ஓடும், ரெண்டுக்கும் ஒரே மருந்துங்கறதாலதான் இந்த வரிசை.

முதல்ல தெரிஞ்சிருக்க வேண்டிய ரெண்டு நம்பர்

ஒண்ணு டெல்டா-வி. உங்க ராக்கெட்ல இருக்கிற எரிபொருளை முழுசா எரிச்சா வேகத்தை மொத்தம் எவ்ளோ மாத்த முடியும்ங்கறதுதான் அது, மீட்டர் பெர் செகண்ட்ல சொல்லுவாங்க. கெர்பின் கிரகத்துல இருந்து தாழ்வான ஆர்பிட்டுக்கு போக சுமார் 3400 வேணும். அங்கிருந்து மன்ங்கிற நிலாவுக்கு கிளம்ப இன்னொரு 860. கேம்லயே ஸ்டேஜ் (ராக்கெட்டோட ஒவ்வொரு அடுக்கு) லிஸ்ட் பக்கத்துல இந்த நம்பர் காட்டும், அதனால கால்குலேட்டர் எதுவும் தேவையில்ல.

இன்னொண்ணு டிடபிள்யூஆர், அதாவது இன்ஜின் தள்ளுற விசைக்கும் ராக்கெட்டோட எடைக்கும் உள்ள விகிதம். 1க்கு கீழ இருந்தா ராக்கெட் தரையை விட்டு எழும்பாது. கிளம்பும்போது 1.3ல இருந்து 1.5 வரைக்கும் இருந்தா நல்லது. 2க்கு மேல போனா காத்தை முட்டிக்கிட்டு எரிபொருள் வீணாகும்.

எல்லாரும் இடறுற இடம் இதுதான்: டெல்டா-வி பத்தலன்னா டாங்க் சேர்க்கிறோம், டாங்க் சேர்த்தா எடை கூடுது, அந்த எடையைத் தூக்க கீழ பெரிய இன்ஜின், அந்த இன்ஜினுக்கு இன்னும் டாங்க். மேல நீங்க வைக்கிற ஒவ்வொரு கிலோவுக்கும் கீழ பல கிலோ எரிபொருள் வேணும். அதனால ராக்கெட் பத்தலன்னு தோணும்போது முதல்ல மேல இருக்கறதுல எதைக் கழட்டலாம்னு பாருங்க, கீழ சேர்க்கிறதை அப்புறம் பார்த்துக்கலாம்.

பதினாலே பார்ட்ல ஒரு ராக்கெட்

சாண்ட்பாக்ஸ் மோட்ல ஆரம்பிங்க, எல்லா பார்ட்டும் திறந்திருக்கும், பைலட்டுக்கு எல்லா எஸ்ஏஎஸ் (ராக்கெட்டைத் திசை மாறாம தானா பிடிக்கிறது) வசதியும் இருக்கும். கேரியர் மோட்ல புது பைலட்டுக்கு ராக்கெட்டை அசையாம பிடிக்க மட்டும்தான் தெரியும், ப்ரோகிரேட் (ராக்கெட் போற திசை) பட்டன் எல்லாம் ஒரு ஸ்டார் வாங்கினதுக்கு அப்புறம்தான் வரும், அது தெரியாம நிறைய பேர் பட்டனைத் தேடிட்டு இருப்பாங்க. ஆர்பிட் பழகினதும் சயின்ஸ் மோடுக்கு மாறுங்க, காசுக்கணக்கு தொல்லை இல்லாம கொஞ்சம் கொஞ்சமா பார்ட் திறக்கும், கத்துக்க அதுதான் சரியான மோட்னு நான் நினைக்கிறேன்.

இப்ப கட்டலாம். மேல இருந்து கீழ வரிசையா: எம்கே16 பாராசூட், எம்கே1 கமாண்ட் பாட் (பைலட் உட்கார்ற இடம்), 1.25 மீட்டர் ஹீட் ஷீல்டு, ஒரு டிகப்ளர் (ஸ்டேஜைக் கழட்டி விடுற பார்ட்), எஃப்எல்-டி400 டாங்க், டெரியர் இன்ஜின். அது மேல் ஸ்டேஜ். அதுக்கு கீழ இன்னொரு டிகப்ளர், எஃப்எல்-டி800 டாங்க் ஒண்ணு, எஃப்எல்-டி400 ஒண்ணு, ஸ்விவல் இன்ஜின், அடியில நாலு பேசிக் ஃபின். ஃபின் வைக்கும்போது சிமெட்ரியை 4க்கு மாத்திக்கோங்க. ரிலையன்ட் இன்ஜின் கொஞ்சம் பலமா தெரியும், ஆனா அதோட முனை திரும்பாது, ஸ்விவல் முனை திரும்பும், அதனால ராக்கெட்டைச் சாய்க்கிறது சுலபம்.

வெற்றிடக் கணக்குல சுமார் 4400 டெல்டா-வி வரும், கிளம்பும்போது டிடபிள்யூஆர் 1.4 பக்கம் நிக்கும். ஆர்பிட்டுக்கு தேவையானதை விட ஆயிரம் அளவுக்கு மிச்சம், அந்த மிச்சத்துலயே மன்னைச் சுத்திட்டு வீட்டுக்கும் வந்துடலாம், பதினாலு பார்ட்ல.

லாஞ்ச் பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி வலது ஓரத்துல இருக்கிற ஸ்டேஜ் வரிசையைக் கண்டிப்பா பாருங்க. முதல்ல ஸ்விவல், அடுத்து கீழ் டிகப்ளரும் டெரியரும் சேர்ந்து, அடுத்து ஹீட் ஷீல்டுக்கு கீழ இருக்கிற டிகப்ளர், கடைசியா பாராசூட் தனியா. கேம் தானா அடுக்கும்போது பாராசூட்டை வேற ஏதாவதோட சேர்த்து வெச்சிடும், அதை இழுத்து தனியா விடணும்.

மேல போறது

டி (T) அழுத்தி எஸ்ஏஎஸ் போடுங்க, இசட் அழுத்தினா ஃபுல் த்ராட்டில், ஸ்பேஸ் அழுத்தினா கிளம்பும். எக்ஸ் அழுத்தினா இன்ஜின் கட். பேக்ஸ்பேஸ் பக்கம் விரலைக் கொண்டு போகாதீங்க, அது அபார்ட் பட்டன்.

ஆர்பிட்னா உயரம்னுதான் எல்லாரும் முதல்ல நினைப்போம், உண்மையில அது பக்கவாட்டு வேகம். 80 கிலோமீட்டர் உயரத்துல சுத்தணும்னா செகண்டுக்கு 2280 மீட்டர் வேகம் வேணும், நேரா மேலயே ஏறினா காத்து மண்டலம் முடியுற 70 கிலோமீட்டரைத் தாண்டிப் போயி அப்படியே திரும்ப கீழ விழுவீங்க. அதனால வேகம் 60, 70 வந்ததும் டி (D) கீயை வெச்சு கிழக்குப் பக்கம், அதாவது நேவ்பால்ல (திரையில கீழ இருக்கிற திசை காட்டுற உருண்டை) 90னு இருக்கிற பக்கம், அஞ்சாறு டிகிரி மெதுவா சாய்ங்க. கிழக்கு ஏன்னா கெர்பின் அந்தப் பக்கமா சுத்துது, செகண்டுக்கு 175 மீட்டர் வேகம் இலவசமா கிடைக்குது. அதுக்கப்புறம் மஞ்ச ப்ரோகிரேட் குறியோட ஒட்டியே போங்க, ஈர்ப்பு விசையே ராக்கெட்டைக் கொஞ்சம் கொஞ்சமா சாய்ச்சிடும். 10, 12 கிலோமீட்டர்ல 45 டிகிரி இருக்கணும், 40 கிலோமீட்டர் தாண்டும்போது கிட்டத்தட்ட படுத்த மாதிரி இருக்கணும். கீழ இருக்கும்போது ஒரேயடியா சாய்ச்சா ராக்கெட் குட்டிக்கரணம் போடும்.

எம் அழுத்தி மேப்பைப் பாருங்க. அபோயாப்சிஸ், அதாவது பாதையோட உச்சிப் புள்ளி, 80 கிலோமீட்டர் வந்ததும் எக்ஸ். காத்து மண்டலத்தைத் தாண்டினதும் அந்த உச்சியில ஒரு மனூவர் நோட் (எங்க, எவ்ளோ எரிக்கணும்னு மேப்ல வைக்கிற குறி) வெச்சு ப்ரோகிரேட் கைப்பிடியை இழுங்க, எதிர்ப்பக்கம் பெரியாப்சிஸ், அதாவது பாதையோட தாழ்ந்த புள்ளி, 70க்கு மேல வர்ற வரைக்கும். எரிக்க எத்தனை செகண்ட்னு கேம் சொல்லும், அதுல பாதி நேரம் நோட் வர்றதுக்கு முன்னாடியும் பாதி அப்புறமும் விழுற மாதிரி எரிங்க. முடிஞ்சதும் கெர்பினை ஏறக்குறைய 31 நிமிஷத்துக்கு ஒரு தடவை சுத்திட்டு இருப்பீங்க. முதல் தடவை அந்த நீல வட்டம் மேப்ல மூடும்போது வர்ற சந்தோஷத்துக்கு ஈடா வேற எந்த கேம்லயும் எனக்கு எதுவும் கிடைச்சதில்ல.

உடனே எஃப்5 அழுத்தி சேவ் பண்ணுங்க. எஃப்9ஐ அழுத்திப் பிடிச்சா அந்த இடத்துக்கே திரும்பலாம். பழகுற காலத்துல இதைத் தயங்காம பயன்படுத்துங்க.

மன்னைச் சுத்தி வர்றது, அப்புறம் மின்மஸ்

மேல் ஸ்டேஜ்ல 900க்கு மேல மிச்சம் இருந்தா மன்னை டார்கெட்டா வெச்சுக்கோங்க. உங்க ஆர்பிட்ல போயிட்டு இருக்கும்போது கெர்பின் விளிம்புக்கு மேல மன் உதிக்கிற நேரம்தான் எரிக்க வேண்டிய நேரம், இது பழைய விளையாட்டுக்காரங்க எல்லாருக்கும் தெரிஞ்ச வழி. ப்ரோகிரேட்ல சுமார் 860 எரிச்சா பாதை 12,000 கிலோமீட்டர் தூரத்துல மன் கிட்ட போய் முட்டும். மன்னோட முன்பக்கமா கடந்து போற மாதிரி நோட்டை நகர்த்துங்க, அதோட ஈர்ப்பு உங்க வேகத்தைக் குறைச்சு கெர்பின் பக்கமே திருப்பி விடும். திரும்பி வர்ற பாதையோட பெரியாப்சிஸ் 30, 35 கிலோமீட்டர் வர்ற மாதிரி வழியில கொஞ்சம் கொஞ்சமா திருத்திக்கலாம், தூரத்துல இருக்கும்போது திருத்தினா சில மீட்டர் வேகமே போதும். 900 மிச்சம் வரலன்னா கீழ் ஸ்டேஜ்ல ஒரு எஃப்எல்-டி200 சேர்த்துட்டு மறுபடி கிளம்புங்க.

கெர்பின் காத்து மண்டலத்துக்குள்ள வரும்போது மேல் ஸ்டேஜைக் கழட்டி விட்டுட்டு எஸ்ஏஎஸ்ல ரெட்ரோகிரேட் (போற திசைக்கு நேர் எதிர்) வைங்க, ஹீட் ஷீல்டு முன்னால போகணும். பாராசூட் ஐகான் சிவப்பா இருக்கிற வரைக்கும் தொடாதீங்க, வேகத்துல கிழிஞ்சிடும்.

இறங்கிப் பழக மன்னை விட கெர்பினோட இன்னொரு நிலாவான மின்மஸ் நல்லது. அது 47,000 கிலோமீட்டர் தூரத்துல இருக்கு, ஆர்பிட்டும் 6 டிகிரி சாய்ஞ்சிருக்கு, அதனால பயந்து தள்ளிப் போடறாங்க. ஆனா கணக்கைப் பாருங்க: மன்ல இறங்கி ஏறி வீட்டுக்கு வர கெர்பின் தரையில இருந்து மொத்தம் 6000 அளவுக்கு டெல்டா-வி வேணும், மின்மஸுக்கு 5000 போதும். மின்மஸ் ஆர்பிட்ல இருந்து தரை இறங்க வெறும் 180, மன்ல அது 580. அங்க கண்ணாடி மாதிரி தட்டையான பெரிய சமவெளிகள் இருக்கு, அதுல எங்க இறங்கினாலும் லேண்டர் (தரை இறங்குற கப்பல்) சுலபத்துல கவிழாது, விழற வேகமும் ரொம்ப மெதுவா இருக்கும், யோசிக்க நேரம் கிடைக்கும்.

கனமான கப்பல்ல சின்ன இன்ஜின் வெச்சா எரிக்கிற நேரம் ரொம்ப நீளும், பாதை கோணலாயிடும். அப்போ ஒரே மூச்சுல எரிக்காம ஒவ்வொரு சுத்துலயும் பெரியாப்சிஸ் வரும்போது மட்டும் கொஞ்சம் எரிச்சு உச்சியை உயர்த்திட்டே போகலாம். 2023ல சந்திரயான்-3 போனது அப்படித்தான், ஜூலை 14 கிளம்பி பூமியைச் சுத்திச் சுத்தியே பாதையை உயர்த்தி ஆகஸ்ட் 1 அன்னைக்குத்தான் நிலாவைப் பார்த்து திரும்புச்சு. அந்தச் செய்தியை அப்போ படிச்சவங்களுக்கு இந்த கேம்ல அதே வேலையைக் கையால செஞ்சு பார்க்கும்போது நல்லா விளங்கும்.

லேக் எங்கிருந்து வருது

கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினா சரியாயிடும்னு நினைச்சு காசு போடாதீங்க. மாட்ஸ் இல்லாத கேஎஸ்பில லேக் பெரும்பாலும் ப்ராசஸர்ல இருந்து வருது. உங்க கப்பல்ல இருக்கிற ஒவ்வொரு பார்ட்டையும், அதுக்கும் பக்கத்து பார்ட்டுக்கும் இருக்கிற இணைப்பையும், கேம் ஒவ்வொரு நொடியும் பல தடவை கணக்கு போடுது, ஒரு கப்பலோட கணக்கு பெரும்பாலும் ஒரே கோர்லதான் ஓடுது. கல்யாணப் பந்தியில பத்து பேர் உட்கார்ந்திருக்க சாம்பார் வாளி ஒருத்தர் கையில மட்டும் இருக்கிற மாதிரி, உங்ககிட்ட எட்டு கோர் இருந்தாலும் வேகம் அந்த ஒரு கோரைப் பொறுத்தது.

இடது மேல் மூலையில ஓடுற கடிகாரத்தைப் பாருங்க. பச்சையா இருந்தா கேம் நிஜ நேரத்துல ஓடுது, மஞ்சளானா கணக்கு முடிக்க முடியாம நேரம் மெதுவா போகுது, சிவப்பானா ரொம்ப மோசம். லேக் ப்ராசஸராலயா கிராஃபிக்ஸாலயான்னு கண்டுபிடிக்க இதை விட சுலபமான வழி இல்ல: கடிகாரம் மஞ்ச, பெரிய கப்பல்ல மட்டும் திணறுதுன்னா பார்ட் எண்ணிக்கை. கப்பல் சின்னதுதான், ஆனா கேமராவைத் தரைப்பக்கமோ கடல்பக்கமோ திருப்பினா மட்டும் திணறுதுன்னா கிராஃபிக்ஸ்.

பார்ட் குறைக்கிற வழிகள்ல முதல்ல இது: நாலு சின்ன டாங்குக்கு பதிலா ஒரு பெரிய டாங்க். ராக்கெட் ஆடுதுன்னு சுத்திச் சுத்தி ஸ்ட்ரட் (முட்டுக்கம்பி) கட்டாதீங்க, ஒவ்வொரு ஸ்ட்ரட்டும் ஒரு பார்ட். செட்டிங்ஸ்ல அட்வான்ஸ்டு ட்வீக்கபிள்ஸைப் போட்டீங்கன்னா பார்ட் மேல ரைட் கிளிக் பண்ணும்போது ஆட்டோஸ்ட்ரட்னு ஒண்ணு வரும், அது கண்ணுக்குத் தெரியாத ஸ்ட்ரட், பார்ட் கணக்குல சேராது, ராக்கெட்டும் விறைப்பா நிக்கும்.

அடுத்தது குப்பை. கழட்டி விட்ட ஸ்டேஜ் எல்லாம் ஆர்பிட்ல சேர்ந்துட்டே இருக்கும், ட்ராக்கிங் ஸ்டேஷன்ல போய் டெப்ரிஸை அழிங்க, செட்டிங்ஸ்லயும் எத்தனை டெப்ரிஸ் வெச்சுக்கணும்ங்கிற அளவைக் குறைங்க. ஸ்பேஸ் ஸ்டேஷன் கட்டும்போது இன்னொரு விஷயம், ரெண்டு கிலோமீட்டர் சொச்சத்துக்குள்ள இருக்கிற எல்லா கப்பலையும் கேம் முழுசா லோட் பண்ணிடும், டாக் பண்ண (ரெண்டு கப்பலை இணைக்க) கிட்ட போகும்போது திடீர்னு ஃப்ரேம் விழறது அதனாலதான். ஸ்டேஷனை 150, 200 பார்ட்டுக்குள்ள வெச்சுக்கிட்டா சாதாரண லேப்டாப்லயும் தாங்கும்.

செட்டிங்ஸ்ல மேக்ஸ் ஃபிசிக்ஸ் டெல்டா-டைம்னு ஒரு ஸ்லைடர் இருக்கும், 0.03ல இருந்து 0.12 வரைக்கும். 0.03ல வெச்சா படம் வழுக்கிட்டு போகும், ஆனா பெரிய கப்பல்ல கேம் நேரம் மெதுவாகும். கூட்டினா நேரம் சரியா போகும், படம் வெட்டி வெட்டி வரும். கையால ஓட்டுறவங்களுக்கு 0.03தான் நல்லது, கன்ட்ரோல் கையில நிக்கும். கிராஃபிக்ஸ் பக்கம் டெரெய்ன் ஸ்கேட்டர், டெரெய்ன் டீடெயில், ஆன்டி அலியாசிங், ரிஃப்ளெக்ஷன் இந்த நாலையும் இறக்குங்க, டெக்ஸ்சரை ஹாஃப்ல வெச்சா மெமரி மிச்சம் ஆகும். ஃப்ரேம் லிமிட் 60 போடுங்க. லேப்டாப்னா சார்ஜர் சொருகித்தான் விளையாடணும், பேட்டரியில ப்ராசஸர் வேகத்தைக் குறைச்சுக்கும். கேம் எஸ்எஸ்டில இருந்தா லோடிங் நேரம் நல்லாவே குறையும்.

மாட்ஸ் போடுற முறை

முதல் வேலை, ஸ்டீம் ஃபோல்டர்ல இருக்கிற கேம் ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணி வேற இடத்துல வைங்க. கேஎஸ்பி அந்த காப்பில இருந்தே ஓடும். ஒரிஜினல் சுத்தமா இருக்கும், காப்பி கெட்டுப்போனா தூக்கிப் போட்டுட்டு இன்னொண்ணு எடுத்துக்கலாம்.

ரெண்டாவது, சிகான் (CKAN)ங்கிற மாட் மேனேஜரை இறக்குங்க, அதுல அந்தக் காப்பி ஃபோல்டரைக் காட்டுங்க. மாட்ஸ் எல்லாம் கேம்டேட்டாங்கிற ஃபோல்டருக்குள்ளதான் போகும், கையாலயும் போடலாம், ஆனா ஒரு மாடுக்கு இன்னொரு மாட் தேவைன்னா சிகான் தானா இழுத்துட்டு வந்துடும், மாட்யூல் மேனேஜர் மாதிரி அடிப்படை மாட்ஸ் அப்படித்தான் வரும். தேடுறது கிடைக்கலன்னா சிகான் செட்டிங்ஸ்ல கம்பேட்டிபிள் கேம் வெர்ஷன்ஸ்ல 1.8ல இருந்து 1.11 வரைக்கும் டிக் பண்ணுங்க, பழைய வெர்ஷன் பேர்ல இருக்கிற நிறைய மாட்ஸ் 1.12ல ஒழுங்கா வேலை செய்யும்.

மூணாவது, ஒரே நேரத்துல நாலஞ்சுக்கு மேல போடாதீங்க. போட்டு, கேமைத் திறந்து, ஒரு ராக்கெட் விட்டுப் பார்த்துட்டு அடுத்தது. க்ராஷ் ஆனா எந்த கூட்டத்தால ஆச்சுன்னு தெரியும், இல்லன்னா எழுபது மாட்ல எதைன்னு தேடுவீங்க. கேம் ஃபோல்டர்லயே கேஎஸ்பி.லாக்னு ஒரு ஃபைல் இருக்கும், உதவி கேட்கும்போது அதை கொடுத்தாத்தான் யாராலயும் சொல்ல முடியும்.

என்னென்ன போடலாம்? முதல்ல கேஎஸ்பி கம்யூனிட்டி ஃபிக்ஸஸ், இதைக் கண்டிப்பா போடணும்னு சொல்லுவேன், கேம்ல விட்டுப்போன பக்ஸை சரி பண்ணுது, லோடிங்கையும் வேகப்படுத்துது. அடுத்து கெர்பல் இன்ஜினியர் ரிடக்ஸ், ஓட்டும்போது வேண்டிய எல்லா நம்பரும் திரையில வரும். ட்ராஜெக்டரிஸ் போட்டா காத்துக்குள்ள வந்தா எங்க விழுவீங்கன்னு காட்டும்.

மெக்ஜெப்னு ஒரு ஆட்டோபைலட் இருக்கு, ஆர்பிட், டாக்கிங், லேண்டிங் எல்லாம் அதுவே பண்ணும். நூறாவது சப்ளை ராக்கெட் விடும்போது அது பெரிய உதவி. ஆனா கையால ஆர்பிட், ஒரு டாக்கிங், ஒரு மின்மஸ் லேண்டிங் இந்த மூணும் முடிக்கிற வரைக்கும் போடாதீங்க, கத்துக்கிற சந்தோஷம்தான் இந்த கேம், அதை மெஷின்கிட்ட கொடுத்துடாதீங்க.

அழகுக்குன்னா ஸ்கேட்டரர், ஈவிஇ ரிடக்ஸ், அதுக்கு மேல ஆஸ்ட்ரோனமர்ஸ் விஷுவல் பேக் அல்லது ஸ்பெக்ட்ரா, தரைக்கு பாரலாக்ஸ், இன்ஜின் தீக்கு வாட்டர்ஃபால். கிராஃபிக்ஸ் கார்டு தேவைப்படறது இங்கதான். வாட்டர்ஃபால் லேசானது, தனியா அதை மட்டும் போட்டாலே ராக்கெட் பார்க்க நல்லா இருக்கும். ஸ்பெக்ட்ரா எளிய கம்ப்யூட்டருக்கு ஏத்தது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லன்னா பாரலாக்ஸ் பக்கம் போகாதீங்க. ராம் பத்தியும் சொல்லிடறேன், கேம் திறக்கும்போதே எல்லா மாட்ஸோட டெக்ஸ்சரையும் மொத்தமா மெமரியில ஏத்திடும், அதனால 8 ஜிபில கையளவு மாட்ஸ்தான் தாங்கும், பெரிய பார்ட் பேக்கும் விஷுவலும் வேணும்னா 16 ஜிபி இருக்கட்டும்.

புது பார்ட் கொடுக்கிற மாட்டை நடுவுல எடுக்காதீங்க, அந்தப் பார்ட் இருக்கிற கப்பலை லோட் பண்ணும்போது கேம் மொத்தமா அழிச்சிடும். எடுக்கணும்னா முதல்ல சேவ்ஸ் ஃபோல்டரைக் காப்பி பண்ணி வெச்சுக்கோங்க.

கடைசியா ரியல் சோலார் சிஸ்டம், ரியலிசம் ஓவர்ஹால். இது கெர்பினை எடுத்துட்டு நிஜ பூமியை அதே அளவுல வைக்குது. கெர்பினோட ஆரம் 600 கிலோமீட்டர், பூமியோடது 6371. ஆர்பிட்டுக்கு 3400க்கு பதிலா சுமார் 9400 வேணும், நிறைய இன்ஜினை த்ராட்டில் பண்ண முடியாது, இத்தனை தடவைதான் பத்த வைக்கலாம்னு கணக்கு இருக்கு. மேல சொன்ன பதினாலு பார்ட் ராக்கெட் அங்க ஆர்பிட் பக்கமே போகாது. மத்த கிரகங்களுக்கும் ஒரு தடவை போயிட்டு வந்த பிறகு, இதுக்குன்னு கேம் ஃபோல்டரை இன்னொரு காப்பி எடுத்து, வேற எந்த மாடும் கலக்காம சிகான்ல அதை மட்டும் தேர்ந்தெடுத்து போடுங்க. முதல் தடவை திறக்க ரொம்ப நேரம் ஆகும், ஹேங் ஆயிடுச்சுன்னு மூடிடாதீங்க.